அப்பா தொலைத்த 23 நாள்கள்

"என் கையைக் கட்டிப் போட்டுட்டு வீட்டை எழுதிக் கொடுத்துட்டே. நீதானே சைன் பண்ணுனே?"

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மூன்றாவது வாரத்தில், ஓர் இரவு, அப்பா என்னைப் பார்த்துக் கேட்டது இது. அம்மா அவருக்குக் கஞ்சி கலக்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் குரல் அப்போது மிகவும் கம்மிப்போயிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆறு வாரம் வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு மருத்துவமனை வராந்தாவில் கிடந்தவள் நான். "யாருப்பா வீட்டை வித்தா? இந்த வீட்லதானே உட்கார்ந்திருக்கீங்க!" என்று கத்திவிட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. கஞ்சியும் குடிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒருவர் உயிரோடு வெளியே வந்துவிட்டால் கதை முடிந்துவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். டிஸ்சார்ஜ் ஆன அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். கோயிலில் அர்ச்சனை செய்தோம். சொந்தக்காரர்கள் எல்லாரும் "மறுபிறவி" என்றார்கள். பிறந்த குழந்தையைப் போலவே அவர் எல்லாவற்றையும் மறுபடியும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவரோடு சேர்ந்து நாங்களும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இருமலில் தொடங்கியது

அப்பாவுக்கு அப்போது வயது 62. கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன்பு இருபது ஆண்டுகளுக்கு மேல் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். நீரிழிவு உண்டு. மாத்திரையை ஒழுங்காகப் போடுவார். தே தாரேக்கையும் ஒழுங்காகக் குடிப்பார்.

2023 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் இருமல் வந்தது. "வேனுக்கு ஆள் இல்ல, பிள்ளைங்க எப்படி ஸ்கூலுக்குப் போகும்?" என்று நான்கு நாள் இழுத்தடித்தார். ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது, பேச்சு குழறியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, நுரையீரலில் தொடங்கிய கிருமித்தொற்று இரத்தத்திலும் பரவி, உடல் முழுவதையும் தாக்கியிருப்பதாகச் சொன்னார்கள். மறுநாள் காலை அவருக்குச் செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தப்பட்டது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் 23 நாள். அதன் பிறகு சாதாரண வார்டில் 18 நாள். மெர்டேக்கா தினத்தன்று அவருக்கு மயக்க மருந்து கிட்டத்தட்ட நிறுத்தப்பட்டிருந்தது. கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அடையாளம் தெரிந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பத்தாவது படி இல்லை, மூன்றாவது படி

வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் எடை 58 கிலோ. உள்ளே போகும்போது 74. சட்டையை மாட்டினால் ஹேங்கரில் தொங்குவதுபோல் இருந்தது. கரண்டியைப் பிடித்து வாய்வரை கொண்டுபோவதற்குள் கை நடுங்கிச் சாப்பாடு மடியில் விழும். வாசலில் இருப்பது மூன்றே படிகள். மூன்றாவது படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிடுவார்.

"சாப்பிட்டா தெம்பு வந்திடும்" என்று அம்மா ஆட்டுக்கால் சூப், முருங்கைக்கீரை, முட்டை என்று வைத்துக்கொடுத்தார். ஆனால், அப்பாவால் தண்ணீரைக்கூட அப்படியே குடிக்க முடியவில்லை. தொண்டையில் குழாய் இருந்ததால் விழுங்கும் தசைகளும் பலவீனமாகியிருந்தன. தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக, மாவு போன்ற ஒன்றைக் கலந்து கெட்டியாக்கிக் கொடுக்கச் சொன்னார் விழுங்குதலைப் பரிசோதித்த சிகிச்சையாளர். அப்பாவுக்குப் பிடித்த மைலோவையும் அப்படித்தான் கொடுத்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது மைலோவா, பசையா?" என்றார். வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான் முதல்முறை.

படுக்கையில் அசையாமல் கிடப்பதாலும், நோயின் தாக்கத்தாலும் தீவிர சிகிச்சையில் உள்ளவர்களின் தசைகள் முதல் சில நாள்களிலேயே வேகமாகக் கரையத் தொடங்குகின்றன. கரைவதற்கு எடுத்துக்கொண்ட காலத்தில் அவை திரும்ப வளர்வதில்லை. கனடாவின் டொரொன்டோவில், கடுமையான நுரையீரல் பாதிப்பிலிருந்து பிழைத்த 109 பேரைப் பற்றிய ஆய்வு 2003இல் வெளிவந்தது. ஓராண்டுக்குப் பிறகும் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். ஒரு மாதத்தில் வேனை எடுத்துவிடலாம் என்று நாங்கள் போட்ட கணக்கு எவ்வளவு தவறு என்பது இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

மூன்றாம் மாதம் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. அம்மா பயந்துபோனார். கடுமையான நோய்க்குப் பிறகு இப்படி ஆவது உண்டு, தானாக வளர்ந்துவிடும் என்று கிளினிக் மருத்துவர் சொன்ன பிறகுதான் அம்மாவுக்குத் தூக்கம் வந்தது. அவர் சொன்னபடியே வளர்ந்துவிட்டது.

கப்பலும் கயிறும்

உடம்பு மெலிந்தது கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது.

மைக்ரோவேவ் "பீப்" என்று அடித்தால் அப்பாவுக்கு வேர்க்கும். துணி துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்து சத்தம் கொடுத்தால், கட்டில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். இரவில் விளக்கை அணைக்க விடமாட்டார். நாற்பது ஆண்டு வண்டி ஓட்டியவருக்கு, எங்கள் தாமானிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி நினைவுக்கு வரவில்லை.

அப்புறம்தான் அந்தக் கையெழுத்துக் கேள்வி.

அடுத்த வாரம் மருத்துவமனையில் மறுபரிசோதனை இருந்தது. அப்பாவை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு மருத்துவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "தீவிர சிகிச்சையில் இருந்தபோது என்ன பார்த்ததாகச் சொல்கிறார் என்று கேட்டீர்களா?" என்றார். நாங்கள் கேட்கவில்லை. "அதெல்லாம் முடிஞ்சுபோச்சுப்பா, நினைக்காதீங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

டெலிரியம் என்ற மனக்குழப்ப நிலையைப் பற்றி அவர் விளக்கினார். கடுமையான நோய், மயக்க மருந்து, தூக்கமின்மை, இரவும் பகலும் ஒன்றாகிப்போன அறை எல்லாம் சேர்ந்து மூளையைக் குழப்பிவிடும். அரைகுறையாகக் காதில் விழுவதையும் உடம்பில் நடப்பதையும் கோத்து மூளை ஒரு கதையை உருவாக்கிக்கொள்ளும். அது கனவைப்போல் கலைந்துவிடாது. நடந்த சம்பவத்தைப்போல மனத்தில் தங்கிவிடும். அமெரிக்காவில் 821 பேரைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியான ஆய்வில், நான்கில் மூவருக்கு மருத்துவமனையில் இந்தக் குழப்பம் ஏற்பட்டிருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு சோதித்தபோது, பத்தில் நான்கு பேரின் நினைவாற்றலும் சிந்தனைத் திறனும், தலையில் பலமாக அடிபட்டவர்களுடைய அளவுக்குக் குறைந்திருந்தன.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரு பெயரும் இருக்கிறது. 'போஸ்ட் இன்டென்சிவ் கேர் சிண்ட்ரோம்', சுருக்கமாக 'பிக்ஸ்'. தீவிர சிகிச்சைக்குப் பிறகு உடலிலும், சிந்தனையிலும், மனத்திலும் தங்கிவிடும் பாதிப்புகள். 2010இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் கூட்டிய கூட்டத்தில் இந்தப் பெயர் முன்மொழியப்பட்டு, 2012இல் வெளியிடப்பட்டது. குடும்பத்தினருக்கு வரும் பாதிப்புக்கும் அதிலேயே தனி இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று மாலை முதல்முறையாக அப்பாவிடம் கேட்டேன். "உள்ள இருக்கும்போது எங்க இருக்கிறதா நெனச்சீங்கப்பா?"

வெகுநேரம் கழித்துச் சொன்னார். "கப்பல்ல."

போர்ட் கிள்ளானிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பல். மாலுமிகள் மலாயில் பேசிக்கொள்கிறார்கள். எங்கோ மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. பாஸ்போர்ட் இல்லாததால் இவர் கையைக் கயிற்றால் கட்டிவிட்டார்கள். தப்பித்தால் கடலில் போட்டுவிடுவார்கள். அப்போது மூத்த மகள் வந்து ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறாள். போட்டுவிட்டு, அவரைக் கப்பலிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறாள்.

கேட்கக் கேட்க எனக்குக் கை கால் சில்லிட்டது. அதில் பாதி உண்மை. அங்கே தாதியர் மலாயில்தான் பேசிக்கொண்டார்கள். மணி, கருவியின் சத்தம். சுவாசக் குழாயைப் பிடுங்கப் பார்த்ததால் அவர் கைகளை மெத்தென்ற துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டதும் உண்மை.

அம்மாவின் 555 புத்தகம்

12ஆம் நாள், சுவாசக் குழாயை வாய் வழியாக இனியும் வைத்திருக்க முடியாது, கழுத்தில் துளையிட்டுப் பொருத்த வேண்டும் என்றார்கள். டிரக்கியாஸ்டமி என்பார்கள். சம்மதக் கடிதத்தில் குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. தம்பி ஜோகூர் பாருவிலிருந்து வந்துகொண்டிருந்தான். நான் போட்டேன், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று. அவர் மயக்கத்தில் இருக்கிறார், ஒன்றும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு.

இதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று தவித்தபோது, அம்மா அலமாரியிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்து வந்தார். வேன் கட்டணக் கணக்கு எழுத அப்பா வாங்கி வைத்திருந்த கட்டிலிருந்து எடுத்தது. தம்பிக்குப் போனில் சொல்ல மறந்துவிடக் கூடாது என்பதற்காக, மருத்துவர் சொன்னதையெல்லாம் அம்மா அன்றன்று அதில் குறித்து வைத்திருக்கிறார். எனக்கே அது தெரியாது.

"காய்ச்சல் குறைவு. மிஸ்ஸி முகம் துடைத்து விபூதி வைக்க விட்டார்." "இன்று கிட்னி பரவாயில்லை." "பக்கத்துக் கட்டில் சீனர் இறந்துவிட்டார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்." இப்படி 23 நாளும் இருந்தது.

ஸ்கேண்டிநேவிய நாடுகளில் 1980களிலிருந்தே தீவிர சிகிச்சைப் பிரிவு தாதியர் நோயாளிக்காக நாட்குறிப்பு எழுதும் வழக்கம் உண்டு என்பதைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். தான் இழந்த நாள்களில் என்ன நடந்தது என்பதை நோயாளி பிறகு படித்துத் தெரிந்துகொள்வதற்காக அது. ஆறு ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், நாட்குறிப்பைப் பெற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 13 விழுக்காட்டினருக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பு புதிதாக வந்திருந்தது. 2019இல் பிரான்சில் நடந்த பெரிய ஆய்வில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. ஆகவே இதை மருந்து என்று சொல்ல நான் துணியமாட்டேன். எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரமும், தினம் சாயங்காலம் ஒரு பக்கம், சில நாள் இரண்டு பக்கம் என்று அம்மா படிப்பார். அப்பா கேட்பார். இடையில் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவார். "அந்தக் கயிறு?" என்றார் ஒருநாள். "துணிதாங்க. நீங்க டியூபைப் பிடுங்கினீங்க. நான்தான் அவிழ்த்துவிடுங்கன்னு அழுதேன். அவிழ்த்தா உயிருக்கு ஆபத்துன்னாங்க" என்றார் அம்மா.

12ஆம் நாள் பக்கத்தை அம்மா படிக்கவில்லை. புத்தகத்தை அப்பாவிடமே கொடுத்தார். அவர் எழுத்துக்கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தார். "கழுத்தில் ஓட்டை போட கேட்டார்கள். பெரியவள் கையெழுத்து போட்டாள். கார் பார்க்கில் ஒரு மணி நேரம் அழுதாள். சாப்பிடவில்லை."

அப்பா கழுத்தில் இருந்த தழும்பைத் தடவிப் பார்த்தார். "இதுக்கா சைன் பண்ணுனே?" என்றார்.

"ஆமாப்பா."

"நீ போய்ட்டேன்னு நெனச்சேன்."

"கார் பார்க்லதான்பா இருந்தேன்."

அதோடு கப்பல் போய்விடவில்லை. இன்றும் சில இரவுகளில் வருகிறது. ஆனால், வந்தால் அம்மாவை எழுப்பிச் சொல்கிறார். என்னை அப்படிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

நோயாளி ஒருவர், பாதிப்பு நால்வருக்கு

அப்பாவைக் கவனித்ததில் மற்றவர்களை நாங்கள் கவனிக்கவில்லை. அம்மா தம் இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு மாதம் சரியாகப் போடவில்லை என்பது, அவர் சமையலறையில் தலைசுற்றி விழுந்த பிறகுதான் தெரிந்தது. இரவில் அப்பாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டே விழித்திருந்திருக்கிறார். "சத்தம் நின்னுபோச்சுன்னா?" என்றார்.

தம்பி மாதம்தோறும் பணம் அனுப்பினான். ஆனால் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். சண்டை போட்டபோதுதான் உண்மை வந்தது: அந்த மெலிந்த உடம்பைப் பார்க்கத் தைரியம் இல்லை. நானோ, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தாலே வயிறு கலங்கும் நிலையில் இருந்தேன். ஊதியமில்லா விடுப்பு முடிந்து அலுவலகம் போனபோது, "அப்பா ஓகேதானே?" என்றார்கள். "ஓகே" என்றேன். கழிவறையில் போய் அழுதேன்.

பார்க்க வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்போடுதான் வந்தார்கள். ஆனால், "எங்க மாமாவும் இப்படித்தான் வீட்டுக்கு வந்தாரு, மூணே மாசம்" என்று அப்பாவின் முன்னாலேயே சொன்னவர்கள் உண்டு. "எழுந்து நடக்காம ஏன் சோம்பேறியா படுத்திருக்கீங்க?" என்று கேட்டவர்களும் உண்டு. தீபாவளித் திறந்த இல்ல விருந்தை அந்த ஆண்டு வைக்கவில்லை. வந்தவர்களிடம், ஒரு நேரத்தில் இரண்டு பேர், பதினைந்து நிமிடம் என்று சொன்னோம். சிலருக்கு மனத்தாங்கல். அப்பாவுக்கு அது தேவையாக இருந்தது.

அம்மாவின் வேண்டுதல் இன்னொரு சிக்கல். அப்பா பிழைத்தால் அவரைப் பத்துமலைக்கு அழைத்துவந்து பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். 272 படிகள். வீட்டின் மூன்று படிகளையே அப்போதுதான் பழகியிருந்தார் அப்பா. "முருகனுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்" என்று அம்மா, "என்னைக் கேட்டா கொடுத்தே?" என்று அப்பா. 2024 தைப்பூசத்துக்கு முந்திய வாரம் போனோம். தம்பி வந்திருந்தான். அம்மாவும் அவனும் ஏறினார்கள். அப்பா கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்த தம்பி, அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துவிட்டான். அதன் பிறகு மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறான்.

எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை

உங்கள் வீட்டில் யாராவது இப்போது அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருந்தால், நாங்கள் தாமதமாகக் கற்றுக்கொண்டவை உங்களுக்கு உதவலாம்.

தினமும் நான்கு வரி எழுதுங்கள். தேதி, மருத்துவர் சொன்னது, யார் வந்தார்கள், என்ன நடந்தது. வாட்ஸ்அப் குழுவில் போடுவதாக இருந்தாலும் அழித்துவிடாதீர்கள். அவர் பின்னர் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். படித்துக் காட்டும்போது அவர் விருப்பப்படி, கொஞ்சம் கொஞ்சமாக.

மயக்கத்தில் இருந்தாலும் பேசுங்கள். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார், ஏன் குழாய் இருக்கிறது என்று சொல்லுங்கள். கண்ணாடி அணிபவர், காது கேட்கும் கருவி பயன்படுத்துபவர் என்றால், அவர் கண் விழிக்கும்போது அவற்றைப் போட்டுவிடலாமா என்று தாதியரிடம் கேளுங்கள். கையெழுத்து, பணம், சொத்து பற்றிய பேச்சைக் கட்டிலருகே வைத்துக்கொள்ளாதீர்கள்.

டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. விழுங்குவதில் சிக்கல் உள்ளதா? உடற்பயிற்சிச் சிகிச்சை எங்கே, வாரம் எத்தனை முறை? பழைய மருந்துகளில் எவை நிறுத்தப்பட்டன? படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவை அரசாங்கச் சுகாதார கிளினிக்குகள் வழியாக உண்டு. அதற்கு மருத்துவமனை பரிந்துரைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு மறதி, பயம், எரிச்சல், தூக்கமின்மை நீடித்தால் மறுபரிசோதனையின்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். கவனித்துக்கொள்பவரும் தம் மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மனம் தாங்காத நாளில் பேச, சுகாதார அமைச்சின் 15555 எண்ணும், பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூரின் 03-7627 2929 எண்ணும் இருக்கின்றன. நான் ஓர் இரவு அழைத்திருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இப்போது

அப்பா இப்போது 67 கிலோ. மைலோவைக் கெட்டியாக்காமல் குடிக்கிறார், சீனி இல்லாமல். மாலையில் தாமானை ஒரு சுற்று நடக்கிறார். வேன் ஓட்ட மறுபடியும் முயலவில்லை. ஒருநாள் என் காரைத் தாமானுக்குள் ஓட்டிப் பார்த்தார். சந்திப்பில் யாருக்கு வழி என்று ஒரு கணம் குழம்பியதை அவரே கவனித்தார். "பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு இந்த மாதிரி நிக்க முடியாது" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். வேனை விற்றோம். அன்று அவர் அழுததை நான் பார்த்தேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். முன்பென்றால், "விடுங்கப்பா, உயிர் இருக்குல்ல" என்று சொல்லியிருப்பேன். உயிர் இருக்கிறது என்பதற்காக, போனது போகவில்லை என்று ஆகிவிடாது. அதை அவர் சொல்லவும் நாங்கள் கேட்கவும் வேண்டும்.

555 புத்தகம் சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 23ஆம் நாளோடு அம்மா எழுதுவதை நிறுத்தியிருந்தார். மீதிப் பக்கங்களில் இப்போது அப்பா எழுதுகிறார். எத்தனை மணிக்கு மருந்து, எத்தனை நிமிடம் நடை, யார் போன் செய்தார்கள் என்று. மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்கிறார். போன வாரம் எடுத்துப் பார்த்தேன். கடைசி வரி இப்படி இருந்தது: "பெரியவள் வந்தாள். மீன் கறி. இரண்டு சுற்று நடந்தேன்."